கைப்பம்பும் ஆறாவது போர்டும்

அத்தியாயம் 11

போன வாரம் பாஸிலாவைத் திண்டுக்கல் பேகம்பூர் வீட்டு மாடிப்படியில் நிறுத்திவிட்டு வந்தோம். கீழே கூடத்தில் அவள் அண்ணன் இஷாக் ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தான். உள்ளே இருந்தது கரண்ட் பம்பு. "இனிமே குனிஞ்சு நிமிந்து கையால அடிக்கிற பொழப்பு வேணாம். கொளத்துக்குப் பொன்ராஜ் அண்ணே போடுற அக்ரிமெண்ட்டும் என் பேர்லதான்" என்று மாடிப்படிக்குக் கேட்கிற மாதிரி சொன்னான். பாஸிலா பதில் பேசாமல் மேலே போய்விட்டாள். அவள் பேசாமல் போனால் அடுத்த நாள் சண்டை பெரிதாக இருக்கும் என்பது நமக்குத் தெரிந்ததுதான்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு நாலு வரி. பாஸிலா கடலோர ஊரான மண்டபத்தில் வாழ்க்கைப்பட்டவள். அங்கே கடலில் டூரிஸ்டுகளைப் போர்டின்மேல் நிற்கவைத்துத் துடுப்புப் போடக் கற்றுத்தரும் வேலை பார்த்தாள். எட்டு மாதம் முன்பு தானே ஜமாத்தில் எழுதிக்கொடுத்துக் குலா, அதாவது மனைவி கேட்டு வாங்கும் மணவிலக்கு, வாங்கினாள். நகையை விற்று வாங்கிய ஆறு போர்டுகளோடு பிறந்த வீட்டுக்கு வந்தாள். அத்தா சாகுல் ஹமீது அன்றைக்கு வாயை மூடியவர்தான். தன்னை ஒரு வார்த்தை கேட்காமல் மகள் முடிவெடுத்துவிட்டாள் என்று கோபம். சாப்பாட்டுத் தட்டை அவள் வைத்தால் எடுத்துக்கொள்வார், முகத்தைப் பார்க்க மாட்டார். நாற்பது வருஷம் தோல் பையும் ரெக்ஸின் பையும் தைத்த கை அவருடையது. கடை இப்போது இஷாக்கிடம்.

அந்தப் போர்டுகள் சுருட்டினால் பாய் மாதிரி ஒரு பைக்குள் அடங்கிவிடும். காற்றடித்தால் பத்தடி நீளத்துக்கு விறைத்துக்கொள்ளும். காற்று சரியாக இருந்தால்தான் ஆள் நிற்க முடியும். அண்ணனுக்கும் தங்கைக்கும் சண்டையே அந்தக் காற்றை எதை வைத்து அடிப்பது என்பதில்தான் இருந்தது. அப்படித்தான் இருவரும் சொல்லிக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு எரியோட்டுக்குப் பக்கத்தில் செங்குளத்தங்கரையில் வேன் வந்து நின்றது. பாஸிலா ஐந்தரைக்கே பஸ் பிடித்து வந்து, புளியமரத்தடியில் தன் கைப்பம்போடு உட்கார்ந்திருந்தாள். அண்ணன் வேனில் ஏறப் பிடிக்கவில்லை.

குளத்தைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் பொன்ராஜ் கரையில் நாற்காலி போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். இந்த வருஷம் மழை கொட்டித் தீர்த்ததில் குளம் உபரித் தண்ணீர் வழியும் கலுங்கு வரைக்கும் நிரம்பியிருந்தது. படகு விட அவருக்கு ஒரு வருஷத்துக்கு ஒரே ஒரு ஆள் வேண்டும். வேடசந்தூர்ப் பக்கத்து மில் ஒன்றின் ஆபீஸ்காரர்கள் இருபத்து நாலு பேர் ஏழரை மணிக்கு வருகிறார்கள். இன்றைக்கு நடப்பதைப் பார்த்துத்தான் அக்ரிமெண்ட்டில் பேர் எழுதுவதாகச் சொல்லியிருந்தார்.

இஷாக் பைகளை இறக்கி வரிசையாக வைத்தான். பாஸிலா எண்ணினாள். ஆறு.

"எதுக்கு ஆறு? அஞ்சுதான் கொண்டாரணும்னு சொன்னேன்ல."

"மில்லுக்காரங்ககிட்ட ஆறுன்னு நான் சொல்லிட்டேன். ஆறு சொன்னா ஆறு கொண்டாரவன் நான்."

"ஒண்ணுல ஓரம் விட்டுப்போய் காத்து எறங்குது. அந்தப் பையில செவப்புத் துணி கட்டி கோடவுன்ல ஒதுக்கி வச்சிருந்தேன். அது எங்க?"

"துணியும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஆறு பையும் ஒண்ணாத்தான் இருந்துச்சு. அள்ளிப் போட்டு வந்தேன்."

"நீ அவுத்துப் போட்டுட்டு இல்லைங்கிற."

"ஆமா, ஒன் துணியை அவுக்கிறதுதான் எனக்கு வேலை."

பொன்ராஜ் டீயைக் கீழே வைத்தார். "ஏம்மா தங்கச்சி, ரிப்பேரான போர்டா? அத மொதல்ல சொல்லிருங்க. ஒட்டுப் போட்ட சாமான் என் தண்ணியில எறங்கக் கூடாது. போன வருஷம் பரிசல் விட்ட ஆளு ஒட்டுப் போட்டே ஓட்டுனான், அதுல நான் பட்டது போதும். எவன் ஒட்டிக் கொண்டாந்தாலும் அவனுக்கு இந்தக் குளம் கெடையாது."

"ஒட்டல அண்ணே. அது ஓட்டயாத்தான் இருக்கு. எதுன்னு கண்டுபிடிச்சு ஒதுக்கிறலாம். ஆறையும் நான் கையால அடிச்சா தெரிஞ்சிரும்."

"கையால அடிச்சா மில்லு பஸ்ஸு வந்து திரும்பிப் போயிரும்" என்றான் இஷாக். "ஒரு போர்டுக்கு முந்நூறு தடவை குனியணும் இவளுக்கு. அஞ்சாவது போர்டுல தோள்பட்டை கழண்டுருச்சுன்னு உக்காருவா. இந்தா பாருங்க அண்ணே, இதுல நம்பரை வச்சா அதுவா அடிச்சு அதுவா நின்னுக்கும்."

அவன் சொன்னதில் பொய்யில்லை. பாஸிலாவின் வலது தோள் மழைநாளில் இன்னும் கடுக்கும். ஆனால் அவன் அதைச் சொன்ன விதம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அது அடிக்கும்ணே. ஆனா ஊருக்கே கேக்குற மாதிரி கத்தும். அந்தச் சத்தத்துல காத்து ஒழுகுனா ஒங்க காதுக்கு வராது. கையால அடிச்சா நாலு அடியிலயே தெரியும். பம்பு எறங்குறதுலயே தெரியும்."

"பெரிய கடலோரத்துக்காரி. பம்பு இவகிட்ட பேசும்."

பொன்ராஜுக்கு இவர்கள் சண்டை மூன்று வாரமாகப் பழக்கம். கடிகாரத்தைப் பார்த்தார். "ஆளுக்கு மூணு எடுத்துக்குங்க. பாய் கரண்டுல அடிக்கட்டும், தங்கச்சி கையால அடிக்கட்டும். யாரு போர்டு சாயங்காலம் வரைக்கும் நல்லா நிக்குதோ அவங்க பேரை எழுதிப்புடுறேன். எனக்கும் ஒங்க வீட்டுப் பஞ்சாயத்து முடிஞ்சா சரி."

பஞ்சாயத்து முடியவில்லை, ஆரம்பித்தது.

இஷாக் முதல் மூன்று பையை இழுத்துக்கொண்டான். வேன் பேட்டரியில் க்ளிப்பை மாட்டி, பம்பில் காற்றழுத்தம் பதினைந்து என்று நம்பரை வைத்தான்.

"பதினஞ்சு வைக்காத. பன்னெண்டு போதும். இன்னைக்கு வெயில் அடிக்கும். வெயில்ல உள்ள இருக்கிற காத்து பெருகும்."

"போர்டுலயே பதினஞ்சுன்னு அச்சடிச்சிருக்கான். படிக்கத் தெரியும் எனக்கு."

"அது புதுப் போர்டுக்கு. இது ரெண்டு வருசம் உப்புத் தண்ணியில கெடந்தது."

"ஒனக்குப் பதினஞ்சு அடிக்கத் தெம்பு இல்ல. அதான் பன்னெண்டு."

பம்பு மாவுமில் மாதிரி அலறத் தொடங்கியது. குளத்தில் நின்ற கொக்கு இரண்டும் எழுந்து போயின. பாஸிலா தன் பம்பைப் போர்டில் மாட்டினாள். மேலே இழுத்தாலும் காற்று, கீழே அழுத்தினாலும் காற்று. எட்டு வரைக்கும் கை சுலபமாக இறங்கும். அதற்குமேல் பக்கத்திலிருக்கும் சின்ன மூடியைக் கழற்றிவிட வேண்டும். இழுக்கும்போது சும்மா வரும், அழுத்தும்போது மட்டும் காற்று போகும். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் உடம்பின் பாரத்தை முழுக்க அதன்மேல் இறக்க வேண்டும். மண்டபத்தில் அவள் தினம் எட்டுப் போர்டு அடித்திருக்கிறாள். கோபம் இருந்தால் இன்னும் நன்றாக இறங்கும்.

முதல் போர்டு விறைத்ததும் ஓரத்தில் காதை வைத்தாள். அண்ணன் பம்பின் இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை.

"செத்த நேரம் அதை நிப்பாட்டு. எனக்குக் காது குடுத்துக் கேக்கணும்."

"ஒனக்காக நிப்பாட்ட முடியாது."

"ரெண்டு நிமிசம்தான் கேட்டேன்."

"ரெண்டு நிமிசத்துல எனக்கு அரைப் போர்டு."

அவள் தன் மூன்று போர்டையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு, கரையோடு ஐம்பது அடி தள்ளி அடுத்த மரத்து நிழலுக்குப் போனாள். அங்கே இரைச்சல் குறைந்தது. மூன்றையும் அடித்தாள், மூன்றிலும் காதை வைத்தாள், உள்ளங்கையால் ஓரம் முழுக்கத் தடவினாள். மூன்றும் சுத்தம். தோள் எரிந்தது.

அப்படியானால் ஓட்டைப் போர்டு அவனுடைய மூன்றில் இருக்கிறது.

அவள் கைப்பம்போடு திரும்பி ஓடியபோது கரண்ட் பம்பு மூச்சு நின்று கிடந்தது. இரண்டு போர்டை அடித்துவிட்டு மூன்றாவது பாதியில் சூடேறி நின்றுவிட்டது. தொட்டால் கை பொசுங்கியது. ஆற இருபது நிமிஷம் ஆகும். ரோட்டில் மில் பஸ் திரும்புவது தெரிந்தது.

இஷாக் அவள் கையிலிருந்த பம்பைப் பிடுங்கினான். வெறி பிடித்த மாதிரி அடித்தான். எட்டு வரை போனது. ஒன்பதில் முகம் சிவந்தது. பத்தில் பம்பின்மேலேயே சாய்ந்துவிட்டான்.

"அந்த மூடியைக் கழட்டணும்" என்றாள் பாஸிலா. ஆரம்பத்திலேயே சொல்லியிருக்கலாம். சொல்ல மனசு வரவில்லை.

"போதும். பத்து போதும்."

"பத்து போதும்னா அந்த ரெண்டுக்கும் எதுக்குப் பதினஞ்சு? காத்தை எறக்கு. ஓட்டை ஒன் மூணுலதான் இருக்கு. என்னோடதுல இல்ல."

"ஓட்டையா? வா, பாரு." அவன் முதலில் அடித்த போர்டில் மீட்டரை மாட்டிக் காட்டினான். அடித்து அரைமணி நேரம் ஆகியிருந்தது. முள் பதினைந்தில் அசையாமல் நின்றது. "எங்க எறங்குது? சொல்லு. எங்க?"

பாஸிலா முள்ளையே பார்த்தாள். ஒரு நிமிஷம் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. உண்மையிலேயே ஆறும் நல்ல போர்டுதானா? காற்று இறங்கியதாக அவள் நினைத்ததுதான் தப்பா? அந்தச் சந்தேகத்துக்காக அவள் பிறகு தன்னை மன்னிக்கவே இல்லை.

"தங்கச்சி, மீட்டரு பொய் சொல்லுமா? ஆளுங்க எறங்குறாங்க. விடும்மா" என்றார் பொன்ராஜ்.

மில்லின் நலத்துறை அலுவலர் மாலதி முதலில் இறங்கினார். நாற்பது வயது, சத்தமான குரல், நேரம் தவறாத ஆள். எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் மாட்டிச் சரிபார்த்துவிட்டு, "எது கெட்டியா இருக்கோ அத எனக்குக் குடுங்க. நான் கொஞ்சம் வெயிட்டு" என்றார்.

இஷாக் தன் முதல் போர்டை விரலால் தட்டினான். டங்கென்று சத்தம் வந்தது. "இது எடுத்துக்குங்க மேடம். பாறை மாதிரி இருக்கும். அங்க மரத்தடியில இருக்கிறதெல்லாம் கையால அடிச்சது, கொஞ்சம் தளர்வாத்தான் இருக்கும்."

பாஸிலா பல்லைக் கடித்துக்கொண்டு தன் போர்டை எடுத்து மாலதிக்குப் பின்னாலேயே தண்ணீரில் இறங்கினாள். வேறு யாருக்கும் சொல்லித்தரக்கூட நிற்கவில்லை. அந்தப் போர்டை விட்டு அவள் கண் நகரவில்லை.

எட்டே முக்கால் வரைக்கும் எல்லாம் அழகாகத்தான் போனது. மாலதி ஒரு சுற்று முடித்துக் கரைக்கு வந்து, போர்டை வெயிலில் போட்டுவிட்டு இட்லி சாப்பிட்டார். மறுபடியும் ஏறினார். கரையில் பொன்ராஜும் இஷாக்கும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். பொன்ராஜ் மடியில் அக்ரிமெண்ட் ஃபைல் இருந்தது.

குளத்தின் நடுவில், முங்கிப்போன சீமைக்கருவேல மரங்களின் உச்சி தெரிகிற இடத்தில் ஒரு சத்தம் கேட்டது. ரெக்ஸினைக் கிழிக்கிற சத்தம். மாலதி நின்ற போர்டு நடுவில் மடிந்து, அவரை அப்படியே முள்ளுக்குள் தள்ளியது.

பாஸிலா இரண்டே இழுப்பில் பக்கத்தில் போனாள். குதித்தாள். லைஃப் ஜாக்கெட் மாலதியைத் தூக்கிப் பிடித்திருந்தது, காலை முள் பிடித்திருந்தது. தண்ணீருக்கடியில் கையை விட்டுக் கிளையை ஒடித்தாள். அவள் உள்ளங்கையிலும் முள் ஏறியது. அவரைத் தன் போர்டில் படுக்கவைத்து, கிழிந்த போர்டின் கயிற்றைக் காலில் கட்டிக்கொண்டு கரைக்கு வந்து சேர்ந்தாள்.

மாலதியின் முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குக் கீறல். தையல் போடுகிற அளவில்லை, ஆனால் ரத்தம் நிற்கவில்லை. துண்டைச் சுற்றி இறுக்கிக்கொண்டு அவர் நிமிர்ந்தார். அழவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இது யார் போர்டு?"

"என்னோடது மேடம். காத்தடிச்சது அண்ணன்" என்றாள் பாஸிலா. பிறகு அண்ணன் பக்கம் திரும்பினாள். எட்டு மாதமாகச் சேர்த்துவைத்தது எல்லாம் வந்தது. "சொன்னேன்ல? பன்னெண்டு வையி, சத்தத்தை நிப்பாட்டு, ஓட்டை இருக்குன்னு சொன்னேன்ல? ஒரு வார்த்தை கேட்டியா? ஒனக்கு என்னய ஜெயிக்கணும். அதுக்கு ஒரு பொம்பளையை முள்ளுல தள்ளியிருக்க."

இஷாக்குக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஓட்டைன்னா காத்து எறங்கிருக்கும்ல? எறங்கலையே?"

பொன்ராஜ் கிழிந்த போர்டைப் புரட்டினார். அடிப்பக்கம், வால் ஓரத்தில், கறுப்பு மேல் கறுப்பாக ஒரு துண்டு பாதி பிரிந்து தொங்கியது. "இங்க வாங்க ரெண்டு பேரும். இது என்ன?"

ஒட்டு.

பாஸிலா குனிந்தாள். முதலில் வாசனைதான் வந்தது. வீட்டுக் கோடவுனில் பிறந்ததிலிருந்து அவள் மூக்கில் இருக்கும் வாசனை, தோலுக்குப் போடுகிற சொல்யூஷன். இந்தப் போர்டில் அது நிற்காது. நிற்கிற மாதிரி நடிக்கும், வெயில் பட்டதும் இளகிவிடும். அதற்கென்று தனிப் பசை இருக்கிறது. மதுரையில் சொல்லிவைத்து வரவேண்டும் என்றுதான் அவள் அதை ஒதுக்கியே வைத்தாள்.

"நீதான்" என்று சொல்ல வாயைத் திறந்தவள், துண்டைத் திருப்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

ரெக்ஸின் துண்டு. நாலு ஓரமும் காகிதம் போலச் சீவப்பட்டிருந்தது, மூலைகள் உருட்டப்பட்டிருந்தன. ஓரத்தைச் சுற்றிலும் கட்டைவிரல் நகத்தால் வரிசையாக அழுத்திய தடம். ஒவ்வொரு தடமும் இரட்டைக் கோடாக இருந்தது. அத்தாவின் கட்டைவிரல் நகம் இரண்டாகப் பிளந்தது. தையல் மெஷின் ஊசி ஏறி முப்பது வருஷம் ஆகிறது.

சிவப்புத் துணியை அவிழ்த்தது யார் என்று இப்போது தெரிந்தது. அவள் முகத்தைப் பார்க்காத மனிதர், அவள் ஓட்டைப் போர்டைப் பார்த்திருக்கிறார். யாருக்கும் தெரியாமல் கோடவுனில் உட்கார்ந்து ஒட்டியிருக்கிறார். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள். கேட்கவில்லை. அவளுக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது.

நிமிர்ந்தபோது இஷாக்கும் அந்த நகத்தடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவனும் அந்தக் கோடவுனில் வளர்ந்தவன்தான்.

"யாரு ஒட்டுனது?" என்றார் பொன்ராஜ்.

இஷாக் தங்கையைப் பார்த்தான்.

மாலதி பையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் எடுத்தார். "நான் மில்லுல இதுக்கு ரிப்போர்ட் வைக்கணும். இந்தப் போர்டை யாரு ரிப்பேர் பண்ணாங்கன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. பேர் வேணும். எழுதலைன்னா நான் ஸ்டேஷன்ல போய் எழுதிக்கிறேன்."

இஷாக் தங்கையின் பக்கம் நகர்ந்து மெல்லச் சொன்னான். "எழுது. அத்தா பேரை எழுது. சாகுல் ஹமீது ஒட்டுனா பிரியாதுன்னு தோல் கடைக்காரன் அத்தனை பேரும் சொல்றான்ல, அந்தப் பேரு இன்னையோட போகட்டும். பொன்ராஜும் அவர்கிட்ட பை தச்சு வாங்குனவருதான். எழுதிக்குடு, கொளம் ஒனக்குத்தான்."

"நீ எழுது."

"நான் ஏன் எழுதணும்? போர்டு ஒன்னோடது."

பாஸிலா தாளை வாங்கினாள். உள்ளங்கையில் முள் குத்திய இடம் பேனாவைப் பிடிக்க விடவில்லை. இந்தக் குளம் ஒன்றுதான் அவளுக்கு இருந்தது. அவள் பேரில் ஒரு காகிதம், அவள் பேரில் ஒரு வேலை. அதற்காகத்தான் எட்டு மாதமாக அந்த வீட்டின் மௌனத்தைச் சாப்பிட்டாள். தன் பேரை எழுதினாள். போர்டை நானே ஒட்டினேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பொன்ராஜ் கேட்டதற்கு அவருக்கும் அதே மாதிரி இன்னொன்று எழுதிக் கொடுத்தாள்.

பொன்ராஜ் அதைப் படித்துவிட்டு அவளைப் பார்த்தார். "ஓட்டையாத்தான் இருக்கு, ஒட்டலன்னு காலையில என்கிட்ட சொன்னியேம்மா."

"பொய் சொன்னேன் அண்ணே."

"அப்ப நான் சொன்னது சொன்னதுதான்." ஃபைலைத் திறந்து இஷாக் பேரை எழுதி, ஒரு பிரதியை அவனிடம் நீட்டினார். கோபமாகக்கூட எழுதவில்லை, சலிப்பாக எழுதினார்.

மில் பஸ் போனபிறகு இஷாக் ஒட்டுத் துண்டைப் பிய்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"அக்ரிமெண்ட் ஒன் பேர்ல" என்றாள் பாஸிலா. "போர்டு என் பேர்ல. கரண்ட் பம்பை மட்டும் வச்சுக்கிட்டு தண்ணிமேல நடந்து காட்டு."

"போர்டு நீ தருவே." அவன் சட்டைப் பையைத் தட்டினான். "இது அத்தா கண்ணுல பட்டு, தன் ஒட்டு பிரிஞ்சது அவருக்குத் தெரியக்கூடாதுன்னா போர்டு எல்லாம் என் கோடவுன்ல இருக்கும். நீ வந்து அடிச்சும் குடுப்பே. கையாலயே அடி, எனக்கு ஒண்ணும் இல்ல."

பஸ்ஸில் திண்டுக்கல் திரும்புகிற வழி முழுக்க அவள் அந்தச் சட்டைப் பையை நினைத்துக்கொண்டே வந்தாள்.

வீட்டுக்குள் நுழைந்தபோது மணி மூன்று. மதிய லுஹர் தொழுகையை முடித்துவிட்டு அத்தா கூடத்தில் உட்கார்ந்திருந்தார். எதிரே தண்ணீர்ச் செம்பு. பாஸிலா வழக்கம்போல அவரைத் தாண்டி மாடிப்படிக்குப் போனாள்.

"ஆறும் நின்னுச்சா?"

அவள் கால் நின்றுவிட்டது. எட்டு மாதம் கழித்து அந்தக் குரல். அவர் முகத்தைத் திருப்பவில்லை, செம்பைப் பார்த்துத்தான் கேட்டார்.

வெளியே வேன் வந்து நின்றது. இஷாக் உள்ளே வந்தான். தங்கை நிற்பதையும் அத்தா கேட்டதையும் பார்த்துவிட்டு நிலைப்படியில் நின்றான். கை சட்டைப் பைக்குப் போனது. அவளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான்.

நின்னுச்சு அத்தா என்று சொன்னால் போதும். அவர் சந்தோஷப்படுவார். நாளைக்கும் பேசுவார். அவள் ஆயுசுக்கும் அண்ணனுக்குக் காற்றடிப்பாள்.

"நிக்கல அத்தா" என்றாள். "ஒட்டு பிரிஞ்சிருச்சு. தோல் சொல்யூஷன் அதுல நிக்காது. ஒரு பொம்பளைக்குக் கால்ல அடி. நல்லாத்தான் இருக்காங்க."

இஷாக்கின் கை பைக்குள்ளேயே நின்றது.

அத்தா அசையவில்லை. பிளந்த நகத்தை இன்னொரு கையால் மூடிக்கொண்டார். "யாரு ஒட்டுனான்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"என்ன சொன்னே?"

அவள் நிலைப்படிப் பக்கம் திரும்பினாள். நிலைப்படியிலிருந்து இஷாக் சொன்னான்: "அவதான் ஒட்டுனதா எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டா. கொளம் போச்சு."

அத்தா எட்டு மாதத்தில் முதல்முறையாகத் தலையைத் திருப்பி மகளைப் பார்த்தார். அவர் கண்ணில் பாசம் இல்லை. கோபம்தான் இருந்தது.

"என் வேலைக்கு ஒன் பேரைப் போட ஒனக்கு யாரு உரிமை குடுத்தா? மறுபடியும் என்னயக் கேக்காம முடிவெடுத்திருக்கே."

"நீங்களும்தான் என்னயக் கேக்காம ஒட்டுனீங்க."

அவள் இப்படி அவரிடம் பேசியதில்லை. அவரிடம் இப்படி யாருமே பேசியதில்லை.

சாகுல் ஹமீது மெதுவாக எழுந்தார். ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு பொத்தானாக மாட்டினார். பிறகு மகளைக் கேட்டார்.

"வேன் ஓட்டுவியா?"

"ஓட்டுவேன்."

"அந்தப் பேப்பர் இன்னும் அங்கதான் இருக்குமா? அதுல என் பேரை நானே எழுதணும்."

"பொன்ராஜ் அண்ணன்கிட்ட ஒண்ணு இருக்கு. மில்லுக்கு ஒண்ணு போயிருச்சு."

அவர் நிலைப்படிக்குப் போய், மகன் முன்னால் கையை நீட்டினார். அதே கை, அதே பிளந்த நகம்.

"சாவி."

இஷாக் பைக்குள்ளிருந்த கையை எடுக்கவில்லை. அதில் வேன் சாவி இருந்தது. அத்தாவின் ஒட்டுத் துண்டும் இருந்தது. அவன் சட்டைக்குள் அக்ரிமெண்ட் மடித்து வைத்திருந்தான், அதில் மை காய்ந்து ஐந்து மணி நேரம்கூட ஆகவில்லை.

"தர மாட்டேன் அத்தா" என்றான்.